எத்தனாவது அடியில் நிறுத்துவாய்?

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்ணையில் சாய்ந்திருந்தேன். பங்காளி மகன் வந்தான், பின்னால் அவன் மனைவி, அவளுக்குப் பின்னால் மகள். மகள் கையில் பிளாஸ்டிக் ஃபைல். எங்கள் பக்கத்தில் மூன்று பேராக ஃபைலோடு ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று ஜாதகம், இல்லாவிட்டால் ஜாமீன். பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. ஜாதகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"பெரியப்பா, பாப்பா ஜெர்மனி போயி மேல படிக்கணும்ங்குது. லோனுக்கு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்" என்றான்.

பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், துறையூர் என்று சுற்றிச் சுற்றி வங்கியில் வேலை பார்த்து 2014-இல் ஓய்வு பெற்றவன் நான். பாதிக் காலம் கடன் மேசையில் போனது. ஊரில் எத்தனையோ பேரிடம் ஜாமீன் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நானாகப் போட்டது ஒன்றே ஒன்று. அதை நினைத்தால் இன்றைக்கும் ராத்திரித் தூக்கம் கெடும்.

ஃபைலை வாங்கிப் பிரித்தேன். ஒழுங்கான பெண். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஆரம்பித்து பி.இ. கடைசி செமஸ்டர் வரை வரிசையாக வைத்திருந்தாள். தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் 'செலவு' என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டு, ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். சான்றிதழ் சரிபார்க்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கு 18,000 ரூபாய். ஜெர்மன் மொழி வகுப்புக்கு இவ்வளவு. விசாவுக்கு, டிக்கெட்டுக்கு, குளிருக்கான துணிமணிக்கு இவ்வளவு. எல்லாவற்றுக்கும் மேலாக 11,904 யூரோ.

கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது.

"கண்ணு, இது போற செலவு. அந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம் தாத்தா?"

"திரும்பி வர்ற செலவு."

அவள் அப்பனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். கிளம்புவதற்கு முன்னாலேயே திரும்பி வருகிற பேச்சை எடுப்பது நம்மூரில் அபசகுனம். தெரிந்துதான் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் போர் கதையைச் சொல்ல வேண்டும்.

2003 வறட்சியில் எங்கள் காட்டுக் கிணறு தரை தட்டிவிட்டது. நானும் தம்பியும் போர் போடுவது என்று முடிவெடுத்தோம். நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு பூராவும் நடந்தார். ஈசானி மூலைக்கு வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. "முன்னூறு அடி. ரெண்டு இன்ச் தண்ணி" என்றார். காசை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். திருச்செங்கோட்டு வண்டி ராத்திரி எட்டு மணிக்கு வந்து இறங்கியது. முன்னூறில் புழுதி. நானூறில் புழுதி. ஐந்நூறில் கொஞ்சம் ஈரமான மண் வந்தது. தம்பி அதை உள்ளங்கையில் பிடித்து உருட்டிப் பார்த்தான். அந்த ஈரம்தான் எங்களைக் கெடுத்தது.

போர் போடாதவர்களுக்கு ஒரு விவரம் சொல்கிறேன். அடிக்கு இன்ன விலை என்று ஒரே ரேட் கிடையாது. ஆழம் போகப் போக, நூறடிக்கு நூறடி ரேட் ஏறும். மனசு போடுகிற கணக்கோ நேர் எதிர். 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ஐம்பது அடிதானே' என்று சொல்லும். விடிகிற நேரத்தில் எழுநூற்று இருபதாவது அடியில் வண்டிக்காரரே ராடைத் தூக்கிவிட்டார். எங்கள் கையில் பணம் தீர்ந்துவிட்டது எங்கள் முகத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் இல்லாததுகூட பெரிதில்லை. நானூறில் நிறுத்தியிருந்தால் மிச்சப் பணத்துக்கு இருபது ஆடு பிடித்திருக்கலாம். எத்தனாவது அடியில் நிறுத்துவது என்று வண்டி வருவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி வைக்கவில்லை.

அதே தம்பியின் மகன்தான் 2011 ஜனவரியில் லண்டன் போனான்.

அப்போதெல்லாம் இங்கிலாந்தில் படித்து முடித்தவர்கள் இரண்டு வருஷம் அங்கேயே இருந்து வேலை பார்க்கலாம், அதற்கென்று ஒரு விசா உண்டு. ஏஜென்ட் காட்டிய கணக்கு முழுக்க அதன் மேல்தான் நின்றது. ஒன்றரை வருஷம் எம்.பி.ஏ., அப்புறம் இரண்டு வருஷம் வேலை, கடன் அடையும், மிச்சமும் கையில் நிற்கும். ஏழரை லட்சம் வங்கிக் கடன். அதற்கு ஜாமீன் நான். போதாததற்குத் தம்பி ஒன்றரை ஏக்கர் காட்டை விற்றான். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அங்கே மாவிளக்குப் போட்டுவிட்டு, வேன் பிடித்து இருபது பேராகத் திருச்சி விமான நிலையம் போய் வழியனுப்பினோம்.

அவன் அங்கே இறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2011 மார்ச்சில் அந்த விசாவை எடுக்கப்போவதாக அந்த நாட்டு அரசு அறிவித்தது. 2012 ஏப்ரல் 6-ஆம் தேதியோடு எடுத்தும்விட்டது. இவன் படிப்பு அந்த வருஷம் ஆடியில் முடிகிறது. இவன் போனபோது பவுண்டு 72 ரூபாய் சுமாருக்கு இருந்தது. 2013 ஆகஸ்டில் நூறைத் தாண்டிவிட்டது. ஆழம் போகப் போக ரேட் ஏறுகிறது என்றேனே, இதுதான் அது.

அவன் படித்த கல்லூரி, கல்லூரி என்று சொல்லும்படியாக இல்லை. ஒரு கடை மாடியில் நான்கு அறை. பெயர் வேண்டாம், அந்த மாதிரி அப்போது எத்தனையோ இருந்தன, முக்கால்வாசி இப்போது இல்லை. பெரிய இடமாக இருந்தாலும் நிச்சயம் என்று சொல்வதற்கில்லை என்பதும் அதே காலத்தில் தெரிந்தது. லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியை 2012 ஆகஸ்டில் இழந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். அடுத்த வருஷம் அனுமதி திரும்பக் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

2012 பங்குனியில் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அவன் எனக்குப் போன் செய்தான். அப்பனுக்குச் செய்யவில்லை, எனக்கு. "பெரியப்பா, நான் வந்துரட்டுமா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடன் என்னாவது? ஊருல என்ன சொல்லுவாங்க? இன்னும் ஆறு மாசம் பாரு" என்றேன். கடன் மேசைக்காரன் பேசினான். பெரியப்பன் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆறு மாதம் இரண்டரை வருஷமாக இழுத்தது. அந்த இரண்டரை வருஷம் எங்கே எப்படி இருந்தான் என்று இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. 2014 கடைசியில் வந்தான். எட்டு கிலோ குறைந்திருந்தான். இப்போது சொட்டுநீர்ப் பாசனக் கருவிகள் விற்கும் கடை வைத்திருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். கடன் அடைய 2019 ஆயிற்று. பொங்கலுக்கு வந்து காலில் விழுந்து கும்பிடுவான். லண்டன் பேச்சு வந்தால் மட்டும் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிற மாதிரி எழுந்து போய்விடுவான்.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ள முடியாது. இங்கிலாந்து 2021 ஜூலையில் அந்த இரண்டு வருஷ வேலை உரிமையை வேறு பெயரில் திருப்பிக் கொடுத்தது. 2027 ஜனவரியிலிருந்து அதை ஒன்றரை வருஷமாகக் குறைக்கப் போகிறார்கள். கனடாவில் மாணவர் கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகை பல வருஷமாக 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் ஒரே போடாக 20,635 ஆனது. ஆஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1,600-க்கும், மறு வருஷமே 2,000-க்கும் ஏற்றியது. அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேட் மாறும் என்று தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

பேத்தியின் நோட்டுக்கு வருகிறேன். ஜெர்மனியைப் பிடித்ததில் புத்தி இருக்கிறது. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-லிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது. இதெல்லாம் அவளுக்கே தெரிந்திருந்தது, அவர்கள் போய்ப் பார்த்த ஏஜென்ட் சொல்லியல்ல. ஏஜென்ட் சொன்னது ஒரு தனியார் கல்லூரியை. ஏன் என்று கேளுங்கள். 'எங்களிடம் சர்வீஸ் சார்ஜ் கிடையாது' என்று போர்டு வைத்திருப்பவருக்கு வெளிநாட்டுக் கல்லூரிதான் கமிஷன் கொடுக்கிறது. கட்டணமே வாங்காத அரசுப் பல்கலைக்கழகம் கமிஷனுக்கு எங்கே போகும்? காசு கொடுக்கிற காட்டில்தான் தேங்காய் எழுந்து நிற்கும்.

அந்த 11,904 யூரோ கட்டணம் இல்லை, அவள் பணம். 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று அவள் பெயரிலேயே ஒரு கணக்கில் முன்கூட்டிப் போட்டுவிட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக விடுவிப்பார்கள். யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. ஆக, பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே.

"இது எத்தனை வருஷத்துக்கு?" என்றேன்.

"ஒரு வருஷத்துக்குத் தாத்தா."

"படிப்பு?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டாவது வருஷம் அனுமதியைப் புதுப்பிக்கப் போனா, பணம் எங்கன்னு கேப்பாங்கல்ல?"

பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிப்பேன் என்றாள். வருஷத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்க அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது, உண்மைதான். வேலை கிடைக்க வேண்டுமே, மொழி வேண்டுமே, பரீட்சை நேரத்தில் உடம்பு வேண்டுமே. கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள், வரவில் எழுதாதே என்றேன். மக்காச்சோளம் போடுகிறவன் வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் அவள் அப்பனுக்குத் தேவைப்பட்டது. ஏனென்றால் இரண்டாம் வருஷத்தை மக்காச்சோளத்தில் தேற்றலாம் என்று அவன் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான். பக்கத்துக் காட்டுக்காரர் கதை அவனுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

பக்கத்துக் காட்டுக்காரர் மகனை 2017-இல் உக்ரைனுக்கு டாக்டர் படிக்க அனுப்பினார். நீட் தேர்வினால் மருத்துவ இடம் கிடைக்காமல் போன அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை நாம் இழந்த அதே வருஷம். டாக்டர் படிப்பு என்பது எங்கள் இரண்டு மாவட்டத்து வீடுகளில் வெறும் படிப்பு இல்லை. அதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க முடியாது. ஆறு வருஷப் படிப்பு. முதல் வருஷப் பணம் நகையில் வந்தது. இரண்டாம் வருஷத்துக்குக் கமிஷன் மண்டியில் வாங்கி, தை மாதம் சோளம் அறுத்துத் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. அந்த வருஷம் 2018, படைப்புழு வந்த வருஷம். குருத்துக்குள் உட்கார்ந்துகொண்டு தின்றது. இலை விரிந்தால் வரிசையாக ஓட்டை, கதிரில் பாதி எச்சம். வெட்டி மாட்டுக்குப் போட்டார்கள். மண்டிக்காரர் வட்டிக்குப் புழு தெரியுமா?

அதையும் தாண்டி அந்தப் பையன் ஐந்தாம் வருஷம் வரை வந்துவிட்டான். 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி போர் தொடங்கியது. 26-ஆம் தேதி நம் அரசு 'ஆபரேஷன் கங்கா' என்று விமானங்களை விட்டது. பக்கத்து நாட்டு எல்லை வரை நடந்து போய் அதில் ஒன்றில் ஏறி வந்தான். கொண்டுவந்தது ஒரு முதுகுப்பை. மிச்சப் படிப்பை வேறு வழியாக முடித்து, இங்கே வந்து 300-க்கு 150 எடுத்தால்தான் ஆயிற்று என்கிற தகுதித் தேர்வை மூன்றாவது தடவையில் தாண்டி, இப்போது பயிற்சி டாக்டராக இருக்கிறான். கெட்டிக்காரன். ஆனால் அவன் அம்மாவின் கழுத்தில் இன்னும் மஞ்சள் கயிறுதான்.

கடன் கதைக்கு வருகிறேன், அது என் தொழில். பேத்தியின் அப்பனுக்கு நாலு ஏக்கர் காடு இருக்கிறது. கரிசல், நல்ல மண். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். "இதை வச்சுக்கிட்டுக் குடுக்க மாட்டேங்கிறாங்க பெரியப்பா" என்று ஆதங்கப்பட்டான். கொடுக்க மாட்டார்கள்தான். வராக் கடனுக்கு அடமானச் சொத்தை வங்கியே நேராக எடுத்து விற்க 2002-இல் ஒரு சட்டம் வந்தது, சர்ஃபேசி என்பார்கள். அதன் 31-ஆவது பிரிவில் விவசாய நிலத்துக்கு விலக்கு. விவசாயி நிலத்தை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் வைத்த விலக்கு. அதே காரணத்தால், படிப்புக் கடன் என்று வந்தால் நாலு ஏக்கர்க்காரனை மேனேஜர் உட்காரச் சொல்ல மாட்டார். டவுனில் மூன்று செண்ட் மனை வைத்திருப்பவனுக்குக் காபி சொல்வார். நானும் அப்படிக் காபி சொன்னவன்தான். ஏழரை லட்சத்துக்குள் என்றால் சொத்து கேட்கக் கூடாது, ஜாமீன்தாரர் போதும் என்பது பொதுவான நடைமுறை. அதற்கு மேல் போனால் சொத்து. துறைமங்கலத்தில் பெண்ணின் தாய்மாமனுக்கு ஒரு மனை இருக்கிறதே, அவரிடம் பேசுங்கள் என்றேன். என் கையெழுத்து எதற்கும் ஆகாது என்பதையும் சொன்னேன். எழுபத்தொரு வயசு ஜாமீனை எந்த வங்கி ஏற்கும்? அவர்கள் வந்தது கையெழுத்துக்கு என்று நான் நம்பவும் இல்லை. 'போ' என்று ஒரு பெரிய மனிதன் வாயால் கேட்க வந்தார்கள்.

இன்னொன்று. 'படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேணாமாம்' என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான். தவணைதான் கட்ட வேண்டாம். வட்டி முதல் நாளே ஓட ஆரம்பிக்கும். பன்னிரண்டு லட்சம், பத்தரை சதவீதம் என்று வையுங்கள், மாதம் 10,500 ரூபாய். மூன்று வருஷம் சும்மா விட்டால் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் ஏறி நிற்கும். ஆரம்பத்திலிருந்து மாதா மாதம் வட்டியை மட்டும் கட்டிவிட்டால் பிள்ளை வேலைக்குப் போகும்போது கழுத்தில் அசல் மட்டும்தான் தொங்கும். பால் ஊற்றுகிற வீட்டுக்கு அது முடியாத காரியமில்லை.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று கேட்டான். கணக்கில் இருப்புக் காட்டுவதற்கு ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் போட்டுத் தருகிற ஆள் டவுனில் இருக்கிறாராமே, கமிஷன் இவ்வளவாமே, வாங்கலாமா என்று. இங்கிலாந்துக்கு 28 நாள் தொடர்ந்து பணம் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 28 நாளை வைத்தே பிழைக்கிறவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லாத பணத்தை இருக்குன்னு காட்டிப் புள்ளய அனுப்பிட்டு, அங்க போயி அது எதைத் தின்னும்?" என்று கத்திவிட்டேன். மருமகள் உள்ளே போய் எனக்கு மோர் கொண்டு வந்தாள்.

கோபம் தணிந்ததும் ஃபைலில் பெயரைப் பார்த்தேன். யாரும் கவனிக்காத இடம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பன் பெயரின் முதல் எழுத்துதான். மார்க் ஷீட்டில் அந்த எழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கிறது, பட்டத்தில் முன்னால் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பன் பெயர் முழுசாக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று வெளிநாட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தால் அமெரிக்கா விசாவில் முதல் பெயர் 'தெரியாது' என்பதற்கு எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்தைப் போட்டுவிடும். அந்த மூன்று எழுத்தே பெயராகிப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். தம்பி மகனை லண்டனில் வாத்தியார் முதல் வீட்டுக்காரர் வரை அவன் அப்பன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம். எங்கள் ஊரில் ஒருவனை அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அடிதடியில் முடியும். அவனுக்கு முதல் மாதம் ஒவ்வொரு தடவையும் கை முறுக்கிக்கொண்டு வந்ததாம். லண்டனைப் பற்றி அவன் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரே கதை அதுதான். பெயர் திருத்தத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும், நாளைக்கே ஆரம்பி என்றேன். அடுத்த வருஷம் அக்டோபர் பருவத்துக்குத்தான் போகப் போகிறாள்; மொழி, ஏ.பி.எஸ்., விண்ணப்பம், விசா எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வருஷம் தாராளம் மாதிரித் தெரியும். ஆகாது.

எல்லாம் பேசி முடித்து மறுபடியும் வெறுமையாக இருந்த பக்கத்துக்கு வந்தேன்.

"போர் வண்டி ராத்திரி எட்டு மணிக்கு வரும் கண்ணு. நீ சாயங்காலமே சொல்லணும், எத்தனாவது அடியில நிறுத்துவேன்னு. முத செமஸ்டர்ல பாதிப் பாடம் போச்சுன்னா? ரெண்டாவது வருஷம் பணம் தேறலைன்னா? உடம்பு முடியலைன்னா? அங்க பிடிக்கவே இல்லைன்னா? எது நடந்தா வந்துருவே? அதை இப்ப எழுது. அப்பன் அதுல கையெழுத்துப் போடட்டும். என் கையெழுத்தும் வேணும்னா அதுல போடறேன்."

"பாதியில வந்தா அசிங்கம் இல்லையா தாத்தா?" என்றாள்.

எங்கள் ஊர் நுழைவில் ஒரு சிலை நிற்கிறது. நீலக் கோட்டு, கையில் புத்தகம், விரல் நீட்டி. எங்கள் மாவட்டத்தில் அந்தச் சிலை இல்லாத ஊர் குறைவு. அவரே பாதியில் திரும்பியவர்தான் என்று சொன்னேன். பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று வருஷத்துக்கு உதவித்தொகை கொடுக்க, 1913-இல் அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கிருந்து 1916-இல் லண்டன். மறுவருஷம் உதவித்தொகை தீர்ந்தது, படிப்பு முடியவில்லை. நான்கு வருஷத்துக்குள் திரும்பி வந்து தொடர்வதற்கு அனுமதி வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். தனிக் கப்பலில் அனுப்பிய அவர் புத்தகங்கள் போரில் கடலோடு போயின. பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் வாத்தியார் வேலை பார்த்து, காசு சேர்த்து, கோலாப்பூர் மன்னரிடமும் நண்பரிடமும் உதவி வாங்கி 1920-இல் மறுபடி போனார். 1923-இல் டி.எஸ்.சி. பட்டம். அனுமதிக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு திரும்பினாரே, அதைத்தான் நான் எடுத்துச் சொன்னேன். போன வேகத்தில் கதவை அடித்துச் சாத்திவிட்டு வருகிறவர்களே அதிகம்.

அவர் பெயரிலேயே தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் வைத்திருக்கிறது. வருஷத்துக்கு 36 லட்சம் ரூபாய் வரை. பேத்தி அதில் வரமாட்டாள். ஆனால் அவள் வகுப்பில் அதில் வரக்கூடிய பிள்ளைகள் நான்கைந்து பேர் இருப்பார்கள், கலெக்டர் ஆபீஸில் ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் போய்க் கேட்கச் சொல் என்றேன். மூன்று பேருக்குத் தெரியுமாம், ஒருவரும் விண்ணப்பிக்கவில்லையாம். அதற்குப் போடு என்று ஏஜென்ட் சொல்லவில்லை என்பதால். தேங்காய்க்காரர் ஏன் சொல்லப் போகிறார்?

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பன், "முத முதல்ல பொறப்படற நேரத்துல இதெல்லாம் எதுக்குப் பெரியப்பா" என்று முனகினான். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மருமகள்தான் வாயைத் திறந்தாள்.

"மாமா, நூறு நாள் வேலக் காசும் பால் காசும் போஸ்ட் ஆபீஸ்ல போட்டு வச்சிருக்கேன். எழுபதாயிரம் இருக்கு. அதை வர்ற டிக்கெட்டுக்குன்னு எழுதிக்கச் சொல்லுங்க. அந்தப் புக்கு எங்கிட்டதான் இருக்கும். யாரும் கேக்கக் கூடாது."

"அது பாப்பா கல்யாணத்துக்குன்னு சேத்து வச்சதாச்சே?" என்றான் அவன்.

"புள்ள வந்தாத்தான கல்யாணம்" என்றாள்.

பேத்தி அதை முதல் வரியாக எழுதிக்கொண்டாள்.